தண்ணீர் சூடேறினால் பாஸ் கரைக்கு வரும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாஸ் (bass) என்ற நன்னீர் மீனை வசந்தகாலத்தில் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டாலஸ் பக்கத்து நண்பர்களுடையவை. அதனால் பதில்களும் பெரும்பாலும் டெக்சஸ் ஏரிகளையும் ஆறுகளையும் பற்றியவை. கனடாவிலிருந்து வந்த ஒரு கேள்வியும் முக்கியமானது; அதையும் சேர்த்திருக்கிறேன்.

மார்ச் மாதம் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக். அப்போதே லேக் ஃபோர்க் ஏரிக்குப் போகலாமா, ஏப்ரல் வரை பொறுக்க வேண்டுமா? (ஃபிரிஸ்கோ)

தாராளமாகப் போகலாம். ஆனால் தேதியைவிடத் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 55-ஐ நெருங்கும்போது, குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடந்த லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் கொண்ட பாஸ் வகை) கரைப்பக்கம் நகர ஆரம்பிக்கும். 60-லிருந்து 65-க்குள் வந்துவிட்டால் கூடு கட்டும். டாலஸ் சுற்றுவட்டாரத்தில் இது பெரும்பாலும் மார்ச் பின்பாதியிலும் ஏப்ரலிலும் நடக்கும். வெயில் நன்றாக அடித்த வருடங்களில் இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும்.

ஒரே ஏரியில்கூட எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்காது. ஏரியின் வடகரையில் உள்ளடங்கிய குடா ஏதாவது இருக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள். வாடைக்காற்று அங்கே படாது, தெற்கிலிருந்து சாயும் வெயில் நேராக விழும். அதனால் மற்ற இடங்களைவிட அங்கே தண்ணீர் சீக்கிரம் சூடாகும். நேரமும் முக்கியம். விடியற்காலையில் போனால்தான் மீன் கிடைக்கும் என்ற பழக்கம் கோடைக்குச் சரி. மார்ச்சில் மதியம் இரண்டு மணிக்குமேல் போங்கள். காலை முழுக்க வெயில் காய்ந்த தண்ணீரில் மீன் சுறுசுறுப்பாக இருக்கும்.

கூடு கட்டுவதற்கு முந்தைய வாரங்களில் பாஸ் க்ராஃபிஷை (இறால் போன்ற நன்னீர் உயிரி) விரட்டி விரட்டித் தின்னும். தண்ணீருக்கடியில் புல் இருக்கும் இடங்களுக்கு மேலாகச் சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டை (மீன் வடிவில் செய்த செயற்கை இரை) இழுப்பது டெக்சஸ்காரர்களின் பழைய வழக்கம். அது புல்லில் மாட்டும்போது வெடுக்கென்று பிய்த்து இழுங்கள். பெரும்பாலும் அந்த நொடியில்தான் மீன் அடிக்கும்.

இதுவரை தூண்டில் பிடித்ததே இல்லை. என்னென்ன வாங்க வேண்டும்? (பிளேனோ)

கொஞ்சம்தான். ஆறரை அல்லது ஏழு அடி நீளத்தில் மீடியம் ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கம்பு), அதற்கேற்ற ரீல், 8 அல்லது 10 பவுண்ட் தங்கூசி, 1/0 அளவு முள் ஒரு பொட்டலம், ஐந்து அங்குல ரப்பர் புழு ஒரு பொட்டலம். கடையில் பளபளவென்று தொங்குகிற மற்றவற்றை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

புழுவின் நடுவயிற்றில் முள்ளைக் குறுக்காகக் குத்துங்கள். ஈயம் வேண்டாம். இதற்கு வாக்கி ரிக் என்று பெயர். பட்டுப்போன மரத்தையோ படகுத்துறைத் தூணையோ ஒட்டி எறிந்துவிட்டு, எதுவும் செய்யாமல் விடுங்கள். புழு இரண்டு முனையும் நெளிந்தபடி மெல்ல இறங்கும். அப்போது உங்கள் கண் தங்கூசி தண்ணீரைத் தொடும் இடத்திலேயே இருக்கட்டும். வெடுக்கென்று ஒரு இழுப்பு கைக்கு வரும் என்று காத்திருந்தால் பாதி மீன் போய்விடும். தங்கூசி பக்கவாட்டில் நகர்ந்தாலோ, இறங்கிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றாலோ, புழு ஏற்கெனவே மீனின் வாயில் இருக்கிறது என்று அர்த்தம். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை உயர்த்துங்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பாஸ் அசையாமல் நிற்கிறது. விரட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. பிடிக்கலாமா? (மெக்கின்னி)

நீங்கள் பார்த்தது கூட்டைக் காக்கும் ஆண் மீன். அது நிற்கும் இடத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். வாலால் வண்டலை ஒதுக்கிச் சுத்தம் செய்த வட்டம் ஒன்று தரையில் வெளிறித் தெரியும். அதுதான் கூடு. பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். அதன் பிறகு காவல் முழுக்க ஆணுடையது. முட்டை பொரியும்வரை நிற்கும், பொரித்த பின்பும் குஞ்சுக் கூட்டத்தோடு கொஞ்ச நாள் இருக்கும். நம் ஊர்க் குளத்தில் விரால் தன் குஞ்சுகளைக் காவல் காப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டெக்சஸில் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றமல்ல. அது உங்கள் புழுவைக் கடிப்பது பசியால் அல்ல; கூட்டுக்குள் வந்த பொருளை அப்புறப்படுத்தத்தான் வாயில் எடுக்கிறது. நீங்கள் அதைத் தூக்கியதும், பக்கத்தில் காத்திருக்கும் புளூகில் மீன்கள் சில நிமிடங்களில் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் என் பழக்கம், கண்ணுக்குத் தெரிகிற கூட்டை விட்டு விலகிப் போய்விடுவது. கூட்டுக்குப் போகாத மீன், போய்விட்டுத் திரும்பிய மீன் என்று ஏரியில் எப்போதும் வேறு மீன்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து அடி ஆழத்தில் தேடினால் கிடைக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பிடித்துவிட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, பிடித்த அதே இடத்தில் உடனே விடுங்கள். போட்டோவுக்காகப் படகில் வைத்துக்கொண்டு அடுத்த கரைக்குக் கொண்டுபோய் விடுவது அந்தக் கூட்டுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

லேக் ஃபோர்க்கில் 20 அங்குல மீன் பிடித்தேன். பக்கத்துப் படகுக்காரர் விட்டுவிடச் சொன்னார். ஏன்? (இர்விங்)

அவர் உங்களை அபராதத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார். அந்த ஏரியில் 16-லிருந்து 24 அங்குலம் வரையான லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சிறியதை எடுக்கலாம், ஒரு நாளைக்கு ஐந்து வரை. அந்த ஐந்தில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள மீன் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். மற்றப் பல ஏரிகளில் பொது விதி குறைந்தபட்சம் 14 அங்குலம், ஐந்து மீன். வாயை மூடி, வாலை ஒன்றுசேர்த்து அளக்க வேண்டும்.

பெரிய பாஸ் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான். அந்த அளவு மீன்களைத் தண்ணீரிலேயே வளரவிட்டதன் பலன் கண்ணெதிரே இருக்கிறது: 1992 ஜனவரியில் பிடிபட்ட 18.18 பவுண்ட் மாநில சாதனை மீன் இந்த ஏரியுடையதுதான். 13 பவுண்டைத் தாண்டிய மீனை ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்தால், ஷேர்லங்கர் திட்டத்தில் மாநிலமே அதை இனப்பெருக்கத்துக்கு இரவலாகப் பெற்றுக்கொள்கிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் லைசென்ஸ் வேண்டுமா? (கொப்பெல்)

வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வேண்டும், விருந்தாளிகளுக்கும்தான். ஒருநாள் லைசென்ஸ் கிடைக்கும். அதற்கும் ஒரு மாற்று உண்டு: மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்று பிடித்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஜோ பூல் ஏரிக்கரையில் உள்ள சீடர் ஹில் பூங்கா உங்களுக்குப் பக்கம். அப்பாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வசதியாகவும் இருக்கும்.

ஏரியில் பிள்ளைகளுக்கு ஒன்றுமே மாட்டவில்லை, அலுத்துவிட்டார்கள். வேறு இடம் சொல்லுங்கள். (டென்டன்)

ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள். பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை ஒயிட் பாஸ், உள்ளூர்க்காரர்கள் சேண்ட் பாஸ் என்பார்கள், ஏரியிலிருந்து ஆற்றில் எதிரேறிப் போகும். உங்களுக்கு ரே ராபர்ட்ஸ் அணைக்குக் கீழே எல்ம் ஃபோர்க் ஆறு இருக்கிறது. தூரம் போகத் தயார் என்றால் டொலீடோ பெண்ட் ஏரிக்கு மேலே சபீன் ஆறு, அல்லது கொலராடோ பெண்ட் மாநிலப் பூங்கா.

அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு எடையுள்ள வெள்ளை ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) ஒன்று போதும். ஓட்டம் வேகமாக இருக்கும் நடு ஆற்றை விட்டுவிட்டு, வளைவின் உட்பக்கத்தில் ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் கோட்டில் எறியுங்கள். ஒன்று மாட்டிய இடத்திலேயே நில்லுங்கள். இவை கூட்டமாகத்தான் போகும்.

இவற்றை வீட்டுக்கு எடுத்துவருவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒயிட் பாஸ் கூடு கட்டுவதில்லை, காவலும் காப்பதில்லை. பெரிய பெண் மீன் ஒன்றே பல லட்சம் முட்டைகளை ஓட்டத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். மாநிலப் பொது விதிப்படி 10 அங்குலத்துக்கு மேற்பட்டவை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25. எடுத்தவுடன் ஐஸில் போடுங்கள். துண்டு போடும்போது தோலை ஒட்டிய சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிட்டால் குழம்பில் கவிச்சி இருக்காது.

மழைக்குப் பிறகு மட்டும் ஆற்றுக்குப் போகாதீர்கள். தண்ணீர் கலங்கினால் மீனும் கிடைக்காது, மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே மட்டம் திடீரென்று ஏறும்.

லார்ஜ்மவுத்தைச் சாப்பிடலாமா? (ஆலன்)

14, 15 அங்குல மீனை எப்போதாவது சாப்பிடலாம். பெரியதை விட்டுவிடுங்கள், வயது ஏற ஏற அதன் சதையில் பாதரசம் சேரும். கேடோ ஏரியின் லார்ஜ்மவுத்துக்குப் பாதரச எச்சரிக்கையே இருக்கிறது. டாலஸ், ஃபோர்ட் வொர்த் வழியாகப் போகும் டிரினிட்டி ஆற்று மீனுக்கும் மாநில சுகாதாரத் துறையின் எச்சரிக்கை உண்டு. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சமைக்காதீர்கள்.

அண்ணா, இங்கே மே மாதமே கரையோரம் பாஸ் நிற்கிறதைக் காண்கிறோம். பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடலாம்தானே? (ஸ்காபரோ)

கூடாது, தம்பி. டெக்சஸில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் பாஸ் பிடிப்பு, ஒன்ராறியோவின் தென்பகுதி மண்டலங்கள் பலவற்றில் வசந்தத்தில் மூடப்பட்டிருக்கும். கவார்த்தா ஏரிகள் இருக்கும் 17-ஆம் மண்டலத்தில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கிறது. மூடியிருக்கும் காலத்தில் பாஸைக் குறிவைத்துப் பிடிப்பதே குற்றம், திரும்ப விட்டாலும் குற்றம்தான். காரணம் மேலே கூட்டைப் பற்றிச் சொன்னதுதான். உங்கள் ஊரில் கோடை சின்னது. குளிர் வருவதற்குள் குஞ்சுகள் வளர்ந்தாக வேண்டும், கலைந்த கூட்டுக்கு ஈடுசெய்ய நேரம் போதாது. ஏரிக்கு ஏரி மண்டலம் மாறும், விதியும் மாறும். அந்த ஆண்டின் விதித் தொகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை, உங்கள் மண்டலத்தில் திறந்திருந்தால் கிராப்பியும் சன்ஃபிஷும் பிடிக்கலாம்.

வெள்ளிக்கிழமை நல்ல வேட்டை. இரவு குளிர்காற்று வந்தது, சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. (ராக்வால்)

வசந்தத்தில் இது வழக்கம். குளிர்முகம் கடந்த மறுநாள் வானம் மேகமில்லாமல் நீலமாக இருக்கும், மீன் வாயைத் திறக்காது. கரையை விட்டு அடுத்த ஆழத்துக்கு நகர்ந்து, புதரையோ மரத்தையோ ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்னப் புழுவாகப் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மெதுவாக இழுங்கள். முடிந்தால் காற்று வரும் நாளுக்கு முந்தைய நாள் லீவு போடுங்கள்; நல்ல மீன்பிடிப்பு அன்றைக்குத்தான். இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள், கையில் இருக்கும் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

பிடித்த மீனை ஏரித் தண்ணீரிலேயே பக்கெட்டில் போட்டு உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரலாமா? (கேரோல்டன்)

கூடாது. 2009-ல் டெக்சோமா ஏரியில் ஜீப்ரா மஸ்ஸல் சிப்பி தென்பட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு பக்கெட் தண்ணீரிலேயே அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் பொது நீர்நிலையை விட்டுக் கிளம்பும்போது படகு, லைவ்வெல் (படகில் மீனை உயிரோடு வைக்கும் தொட்டி), பக்கெட் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது சட்டம். சாப்பிடப்போகிற மீனை ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள்.