ஊசியைக் காய்ச்சியது யார்?

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி எட்டரை. அதுவரை பிள்ளையை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். பழைய காலத்து ஆள், சொன்னால் கேட்பதில்லை. சோற்றைத் துப்புகிறான் என்று இரண்டு டீஸ்பூன் கேப்பை மாவைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, 200 மில்லி பாட்டிலில் ஊற்றி, ஒரு நாளைக்கு மூன்று தடவை கொடுக்கிறார். கூழ் அடைத்துக்கொள்கிறது என்றதால் நான்தான் ஊசியைச் சூடுகாட்டி நிப்பிள் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தேன். செல்போனில் பாட்டுப் போட்டால்தான் அதையும் குடிக்கிறான். 6 மாதத்தில் 6 கிலோ 900 கிராம் இருந்தவன், இப்போது 7 கிலோ 200தான். கணவர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். மாமியார் மனம் நோகாமல் எப்படிப் புரியவைப்பது?
பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: கடிதம் முழுக்க மாமியார் மேல் புகார். நடுவில், போகிற போக்கில், ஊசி. அடுப்பில் ஊசியைக் காய்ச்சி ரப்பரில் குத்தியது எந்தப் பழைய காலத்து ஆள்? கூழ் பாட்டிலில் இறங்கவில்லை என்றால் பாட்டில் அதற்கான சாமான் இல்லை என்று அந்த நிப்பிளே உங்களிடம் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதன் வாயைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த ஓட்டை என்ன செய்கிறது, கேளுங்கள். சப்பும்போது கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடக் குழந்தைக்குத் தெரியும். பெரிய ஓட்டையில் அவன் நிறுத்தினாலும் கூழ் நிற்காது. தொண்டையில் வந்து விழுவதை விழுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். படுக்கவைத்துக் கொடுத்தால் காதில் சீழ் பிடிக்கவும் வழி உண்டு. சூட்டில் பொத்த விளிம்பு நைந்திருக்கும், முளைக்கிற பல்லால் கடித்தால் துணுக்கு பிய்ந்து வாய்க்குள் போகும். நிப்பிளும் வளையமும் சேருகிற இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். காலையில் ஊற்றிய கூழ் அங்கே பசைபோல ஒட்டியிருக்கும், நம் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். கழுவும் தூரிகை அந்த இடுக்குக்குள் போகாது. பாட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏன் ஓயாமல் வருகிறது என்று தேட வேறெங்கும் போக வேண்டாம். பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதையே 1992இல் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது.

அடுத்தது எடை. 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் நடுவில் ஆண் குழந்தை சுமாராக ஒரு கிலோ ஏற வேண்டும். உங்கள் மகன் ஏறியது 300 கிராம். இந்த வயதில் வயிறு கொள்வது கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி, அவனுக்கு 200 மில்லியைச் சற்றே தாண்டும். அதாவது ஒரு பாட்டில் போனால் வயிறு நிரம்பிவிடும். நிரம்பியது எதனால்? இரண்டு டீஸ்பூன் மாவும் கருப்பட்டியும் சேர்ந்து 40 கலோரி, மீதி தண்ணீர். மூன்று பாட்டிலுக்கு 120. தாய்ப்பால் போக இந்த வயதில் உணவிலிருந்து மட்டும் 300 கலோரியாவது வேண்டும், நீங்கள் பகலெல்லாம் இல்லாததால் அதற்கும் மேலேயே வேண்டும். ஒரு சின்ன இட்லியை ஒரு டீஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்தால் 90 கலோரி, பாட்டிலில் கால்வாசி இடம்கூட அடைக்காது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்த பிள்ளை சோற்றைத் துப்பாமல் என்ன செய்வான்?

கேப்பையைக் குறை சொல்லிவிடாதீர்கள். உங்கள் அத்தை தேர்ந்தெடுத்த தானியம் அருமையானது, சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் கிட்டே வராது. தண்ணீரின் அளவுதான் தப்பு. இரண்டு மேசைக்கரண்டி மாவுக்கு 120 மில்லி தண்ணீர் போதும். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். கெட்டியாக இருந்தால் விழுங்க மாட்டான் என்று பயந்தால் அதற்கும் வழி இருக்கிறது. கேப்பையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து, அரைத்துச் சலித்துத் தனி டப்பாவில் வையுங்கள். சிவக்க வறுத்தால் முளையின் வேலை செத்துவிடும். வழக்கமான மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது, அரை டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கிண்டுங்கள். பத்து நிமிடத்தில் தானாக இளகும், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல். முளையில் இருக்கிற ஒரு பொருள் மாவுச்சத்தை உடைப்பதால் வருகிற இளக்கம் அது. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, நெய் விட்டு, மசித்த வாழைப்பழம் சேர்த்துக் கொடுங்கள். கருப்பட்டி, சர்க்கரை, உப்பு ஒரு வயதுவரை வேண்டாம். தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், சின்னக் குழந்தைக்கு அதில் நஞ்சேறும் ஆபத்து உண்டு.

9 மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி. நடுவில் ஒன்றிரண்டு தடவை பழம், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு போல ஏதாவது. மிக்ஸியை மூடிவையுங்கள். பாசிப்பருப்பும் காயும் போட்டுக் குழைத்த சோற்றை விரலால் மசித்தால் போதும், சிறு கட்டிகள் இருக்கட்டும். பத்து மாதத்துக்குள் கட்டி பழகாத பிள்ளை பின்னாளில் சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறது. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும், கூழும் பாலும் அதை ஈடுகட்டாது. நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், வாரம் ஒன்றிரண்டு தடவை ஒரு டீஸ்பூன் ஈரல். சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கம்தான், உள்ளே சிவப்பில்லாமல் வெந்து மசிந்திருக்க வேண்டும். சைவம் என்றால் பருப்போடு முருங்கைக்கீரை, இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவை வாங்குங்கள். அதையும் பாட்டிலில் கரைத்துவிடாதீர்கள்.

ஊட்டுவதில் ஒரு சூட்சுமம். கரண்டியைக் கீழுதட்டில் வைத்துக் காத்திருங்கள், அவனே வாயை மூடி இழுக்கட்டும். மேல் ஈறில் தேய்த்து வழிக்கக் கூடாது. அவன் நாக்கு இத்தனை நாள் சப்ப மட்டுமே பழகியது, ஆகவே முதல் வாரம் பாதி வெளியே வரும். அது துப்பல் இல்லை, பழக்கமில்லாத நாக்கு. தண்ணீரும் பாலும் சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கலாம். மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து, விளிம்பு கீழுதட்டில் பட, பால் உதட்டைத் தொடுமளவு மட்டும் சாயுங்கள். ஊற்றாதீர்கள். நாலு நாள் சட்டை நனையும்.

செல்போன்? ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. அதைவிட, திரையைப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் வயிறு நிரம்பியதும் தெரியாது, வாயில் இருப்பது என்னவென்றும் தெரியாது. மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடிய ஊரில் இருக்கிறீர்கள். அந்தப் புலவர்கள் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று பெயர் வைத்தார்கள், கைகொட்டுகிற பருவம். இந்த வயதில் கிண்ணத்துக்கு அடியில் கரண்டியை ஒளித்தால் தூக்கிப் பார்க்கத் தெரியும். "எங்க காணோம்... இந்தா!" என்று ஒரு துண்டை முகத்தில் போட்டு எடுத்தால் இருபது தடவை சிரிப்பான். தட்டில் ஒரு பிடி சோறு அவன் கைக்கென்று வைத்துவிடுங்கள், தலையில் அப்பிக்கொள்ளட்டும். உங்கள் அத்தைக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரியும், போன் வாங்கிக் கொடுத்தது யார் என்றும் அவருக்குத் தெரியும்.

இனி வீட்டுக் கணக்கு. பன்னிரண்டு மணி நேரம், சம்பளம் இல்லாமல், தவழ்கிற பிள்ளைக்குப் பின்னால் ஒரு வயதான மனுஷி ஓடுகிறார். அவருக்குப் பாட்டில் சுலபமாகத் தெரிந்தால் அது சோர்வு. அதைப் பிடிவாதம் என்று எழுதுவது நன்றிகெட்ட செயல். ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "அத்தை, ஓட்டையைப் பெருசாக்கினது நான்தான், தப்பு என்னுது. முளைகட்டுறது எப்படின்னு சொல்லுங்க." வேறு எந்தப் புரியவைத்தலும் தேவைப்படாது. அப்புறம், தலையிடாத கணவர். பிள்ளை பெற்றவனுக்குத் தலையிடாமல் இருக்க உரிமை கிடையாது. காலை வேளைக் கிண்ணம் அவர் கையால் போகட்டும், அத்தை அந்த அரைமணி நேரம் காலை நீட்டி உட்காரட்டும்.

தாய்ப்பாலை விடாதீர்கள், கிளம்புமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, ராத்திரி கேட்கும்போதெல்லாம். கொதிக்கவைத்த மூடி போட்ட பாத்திரத்தில் பீய்ச்சி, பிரிட்ஜில் கதவோரம் இல்லாமல் உள்பக்கம் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அடுப்பில் வைக்காமல், டம்ளரை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடை என்றால், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை உங்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு பால் இடைவேளை சட்டப்படி உண்டு. பகலில் பீய்ச்சினால்தான் பால் வற்றாமல் இருக்கும், வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் 300 கிராம் என்பதைக் கடிதத்தால் மட்டும் தீர்க்க முடியாது. இந்த வாரமே தடுப்பூசி அட்டையோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள், இரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அட்டையைப் புரட்டுங்கள்.

பாட்டிலைக் குப்பையில் போடுமுன் நிப்பிளைக் கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். நல்ல பாட்டிலாச்சே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும்.