மாட்டுத் தொட்டியில் சத்துமாவு

கேள்வி: குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது. தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. ஆனால் அங்கே ஏ, பி, சி, டி கூடச் சொல்லித் தருவதில்லை என்கிறார்கள். வேன் வரும் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு 28,000 ரூபாய் கேட்கிறார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா? பால்வாடியில் பெயர் மட்டும் இருக்கிறது. சத்துமாவு கொடுத்தால் வாங்கி வந்து அம்மா மாட்டுக்குக் கரைத்து வைத்துவிடுவார்.

பதில்: தம்பி, சங்கிலி இருக்கட்டும், முதலில் அந்த மாட்டைப் பற்றிப் பேசுவோம். கேழ்வரகும் கடலையும் வெல்லமும் கலந்து உங்கள் மகளுக்காக வந்த மாவு அது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2 வயது நிரம்பிய குழந்தைக்கும் சோறு போட்டது இந்த மையங்களில்தான். அந்த வரிசையில் வரும் உணவைத் தொட்டியில் கரைத்துவிட்டு, படிப்புச் சரியில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

‘பெயர் மட்டும்’ என்றால் என்ன பொருள்? ஒருநாளாவது குழந்தையை அங்கே உட்கார வைத்தீர்களா? பாய் காலியாகக் கிடக்கும், பதிவேட்டில் பெயர் நிற்கும். பிள்ளைகளே வராத இடம் என்று பிறகு ஊரே சொல்லும். அந்தப் பேச்சில் உங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு.

எல்லா மையமும் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறை இல்லாத வாடகைக் கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். டீச்சர் பதிவேடு எழுதிக்கொண்டிருக்க, ஆயாவே குழந்தைகளைக் கவனிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். பாட்டு கேட்கிறதா? குடிநீர்ப் பானை மூடியிருக்கிறதா? டீச்சர் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? வாரம் 3 முட்டை தட்டுக்கு வருகிறதா? ஏ, பி, சி, டி-யைத் தேடாதீர்கள். அங்கே நடக்கும் பாடத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். மூன்றரை வயது விரல் பென்சிலுக்கு இன்னும் பழுக்கவில்லை.

எல்.கே.ஜி.தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் 25 சதவீத இடம், நலிந்த பிரிவுக் குழந்தைகள் கட்டணமில்லாமல் படிக்க, கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்காமல் வட்டிக்கடைப் படி ஏறுவது சோம்பேறித்தனம்.

சங்கிலி உங்கள் மனைவியின் கழுத்திலேயே இருக்கட்டும். அவரைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. சாயங்காலம் தறிக்குழியில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நூல் சுற்றிய எந்தத் தாரில் பச்சை, எதில் நீலம் என்று கேளுங்கள். பெற்றவன் செய்ய வேண்டிய வேலை அது. 28,000 கொடுத்து வேறொருவர் தலையில் கட்ட முடியாது.

குழந்தையின் எடை வயதுக்குச் சரியா என்று நிறத்தில் காட்டும் எடை அட்டை பால்வாடியில் இருக்கும். உங்கள் மகளின் புள்ளி எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அம்மாவிடமும் அதைக் காட்டுங்கள்.