29 வயதில் சினைப்பையில் 4.2 செ.மீ. நீர்க்கட்டி: எதனால் வந்தது, பயப்பட வேண்டுமா?

பெங்களூரில் ஐடி வேலை, இடது சினைப்பையில் 4.2 செ.மீ. கட்டி, டாக்டர் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார், வீட்டிலோ பிராய்லர் கோழியும் நைட் ஷிஃப்டும்தான் காரணம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பழியைத் தலையிலிருந்து இறக்கி வையுங்கள்.

மாதாமாதம் ஒரு கருமுட்டைப் பை ஏறக்குறைய 2 செ.மீ. வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளிவிடும். வெடிக்காமல் நீர் கோத்துக்கொண்டே போனால் அது ஃபாலிகுலர் சிஸ்ட். வெடித்தபின் வாய் மூடி உள்ளே நீரோ ரத்தமோ தேங்கினால் கார்பஸ் லூட்டியம் சிஸ்ட். இந்த மாதம் ஏன் வெடிக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் யாராலும் பதில் சொல்ல முடியாது. முட்டை வளர்க்கும் மாத்திரை, ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம், கடுமையான தைராய்டு குறைவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவை காரணமாக இருக்கலாம். கோழிக்கறி காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எதனால் என்பதைவிட எந்த வகை என்பதுதான் முக்கியம். அது ரிப்போர்ட்டிலேயே இருக்கும், கடைசி வரியோடு நிறுத்தாமல் மேலே படியுங்கள். 'அன்எக்கோயிக்', 'தின் வால்', 'யூனிலாகுலர்' என்றிருந்தால் வெறும் நீர். இங்கிலாந்தின் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவர்கள் அமைப்பான ஆர்சிஓஜியின் 2011 வழிகாட்டுதல்படி, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இது 5 செ.மீ.க்குள் என்றால் மறு ஸ்கேன்கூடக் கட்டாயமில்லை. 5 முதல் 7 வரை வருடத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்கு மேல் எம்ஆர்ஐ அல்லது ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். 'சாலிட் காம்பொனென்ட்' (கெட்டியான பகுதி), 'பாப்பிலரி ப்ரொஜெக்ஷன்' (உட்சுவரில் முளைப்பு), உள்ளே ரத்த ஓட்டம் என்றிருந்தால் காத்திருக்காமல் பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். 'லோ லெவல் எக்கோஸ்' என்றால் ரத்தக் கட்டியா சாக்லேட் சிஸ்டா (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்று ஒரே ஸ்கேனில் பிரிப்பது சில நேரம் கஷ்டம். ரத்தக் கட்டி சில வாரங்களில் சுருங்கும், சாக்லேட் சிஸ்ட் அப்படியே நிற்கும். உங்கள் டாக்டர் மூன்று மாதம் கேட்பது அலட்சியத்தால் அல்ல, அந்த இடைவெளிதான் சோதனையே.

மறு ஸ்கேனை பீரியட்ஸ் தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள் வையுங்கள். பிந்திப் போனால் அந்த மாதத்துப் புதுப் பையே கட்டி போலத் தெரிந்து குழப்பும். வயிற்று வழி ஸ்கேன் என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், உள்வழி ஸ்கேன் என்றால் காலியாக. பழைய ஃபிலிமையும் எடுத்துப் போங்கள்.

சினைப்பைப் புற்றுநோய்க்கான சிஏ-125 ரத்தப் பரிசோதனையை ஹெல்த் பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள். மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் அது 35 என்ற இயல்பு வரம்பைத் தாண்டக்கூடும். சாதாரண நீர்க்கட்டிக்கு உங்கள் வயதில் அது வீண் பயம்தான். கருத்தடை மாத்திரை கொடுத்தால் இருக்கும் கட்டி சீக்கிரம் கரையும் என்பதும் ஆய்வுகளில் நிற்கவில்லை. பிசிஓடி வேறு விஷயம்: 1 செ.மீ.க்கும் குறைவான சிறு பைகள் நிறைய இருப்பது அது.

டாக்டரைப் பார்க்காதே என்கிறாள் இவள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புரிந்துகொண்டு போய் உட்காருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் தனியாகச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு வயிற்றுவலி வந்தாலும் முடி கொட்டினாலும் "வேலையை விட்டுட்டு வா, கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பதே நம் வீடுகளில் மருந்தாக இருக்கிறது. அதே ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பியிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. எனக்கு ஆறாத கோபம் இது.

காத்திருக்கும் மாதங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆபரேஷன் வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசு மருத்துவமனைதான் வசதி என்றால் கே.ஆர். மார்க்கெட் அருகே வாணி விலாஸ் இருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று அர்த்தமில்லை, வலி தொடர்ந்தால் திரும்பக் கேளுங்கள். போகும் வழியில் காபி, ஜூஸ் எதுவும் குடிக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.