எம்.எஸ். நோயில் வரும் மறதிக்குப் பயிற்சி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 36. வங்கியில் வேலை. 6 வருடமாக மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் இருக்கிறது. நடமாட்டத்தில் குறையில்லை, ஆனால் மறதி கூடிக்கொண்டே போகிறது. மேனேஜர் நாலு வேலை சொன்னால் இரண்டுதான் நிற்கிறது. "உனக்குக் கவனமே இல்லை" என்கிறார் கணவர். பாட்டிக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிடுமோ? போனில் மூளை விளையாட்டு ஆடினால் சரியாகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஞாபகத்திலோ சிந்தனை வேகத்திலோ சிக்கல் வருகிறது. இது நோயின் ஒரு பகுதி, அசட்டை அல்ல. பாட்டிக்கு வந்ததோடு இதைச் சேர்த்துப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். முதுமையில் வரும் மறதி நோயின் போக்கு வேறு.

எம்.எஸ்.ஸில் நரம்பிழைகளின் மேலுறை சேதமாவதால் மூளைக்குள் செய்தி மெதுவாகப் போகிறது. மேனேஜர் சொன்ன முதல் வேலை மனதில் பதிவதற்குள் மூன்றாவதைச் சொல்லிவிடுகிறார். சரியாகப் பதியாதது பிறகு எப்படி ஞாபகம் வரும்? அமெரிக்காவில் நியூஜெர்சியின் கெஸ்லர் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனத்தில் ஜான் டிலூக்கா குழுவினர் இதைத்தான் கண்டார்கள். கூடுதலாகச் சில தடவை சொல்லி நன்றாகப் பதியவைத்துவிட்டால், பிறகு நினைவுபடுத்துவதில் எம்.எஸ். உள்ளவர்கள் மற்றவர்களுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆக, உழைக்க வேண்டியது பதியவைக்கும் இடத்தில்.

அங்கேயே நான்சி கியரவலோட்டி குழுவினர் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். 5 வாரம், மொத்தம் 10 அமர்வு. முதலில் கேட்டதை மனக்கண்ணில் படமாகப் பார்க்கப் பழக வேண்டும், அப்புறம் தொடர்பில்லாத விஷயங்களை ஒரே கதையாகக் கோக்க வேண்டும். செக் புக், லாக்கர் சாவி, ஆடிட்டர், பென்ஷன் சான்று என்று நாலு வேலையா? லாக்கர் சாவியைத் தொலைத்த பென்ஷன்காரர் ஒருவர், கையில் சான்றோடு ஆடிட்டரின் செக் புக்குக்கு அடியில் சாவியைத் தேடுகிறார் என்று கற்பனை செய்யுங்கள். கதை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை, அது உங்களுடையதாக இருக்கட்டும். நாமே உருவாக்கியது நன்றாக நிற்கும். 86 பேரை வைத்து நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் புதிதாகக் கற்பதில் முன்னேறினார்கள்.

எல்லா ஆய்விலும் இவ்வளவு நல்ல பலன் இல்லை. இங்கிலாந்தில் 449 பேரிடம் நடந்த வேறொரு குழுப் பயிற்சி வாழ்க்கைத் தரத்தைப் பெரிதாக உயர்த்தவில்லை. அன்றாட மறதித் தொல்லைதான் கொஞ்சம் குறைந்தது. என்னைக் கேட்டால், அலுவலகத்தில் தினமும் தலைகுனிகிறவருக்கு அந்தக் கொஞ்சமும் பெரிதுதான்.

மூளை விளையாட்டு ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரராவீர்கள். அது மேனேஜர் சொன்னதை ஞாபகத்தில் நிறுத்தும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அதைவிட, அவர் சொன்னதை உடனே உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துச் சீட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் இன்னொரு தடவை.

பயிற்சிக்கு முன் ஞாபகத்தையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் நியூரோ சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறியீடுகளுக்கு உரிய எண்ணைச் சொல்லும் 90 விநாடிச் சோதனை ஒன்று உண்டு. அதை வருடாவருடம் செய்தால் மாற்றம் தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாரிடம் போகலாம் என்று நியூரோ டாக்டரைக் கேளுங்கள்.

தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு எல்லாமே மறதியைக் கூட்டும். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரையும் அப்படித்தான். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். சில நாட்களுக்குள் மறதி திடீரென்று மோசமானால், சிறுநீர்த் தொற்றோ நோயின் புதிய தாக்குதலோ காரணமாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் உடனே போய்விடுங்கள்.