ஐந்நூறு கோப்பு, ஒரே பொத்தான்: கோப்பு வடிவத்தை மொத்தமாக மாற்றும் செயலி எழுதுவோரின் கேள்விகள்

கேள்வி: முதல் திரையில் என்னென்ன வைக்கலாம்? அமைப்புகளே முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

கோப்புப் பட்டியல், எந்த வடிவத்துக்கு மாற்றுவது, எந்தக் கோப்புறையில் வைப்பது, தொடங்கு பொத்தான். நான்கு போதும். மற்றதெல்லாம் 'மேலும்' என்பதற்குள் போகட்டும்.

மிச்சமாகும் இடத்தைப் பட்டியலுக்கே கொடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்தக் கோப்பின் நிலை தெரிய வேண்டும்: காத்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது, தவறியது. தவறியதென்றால் காரணமும் அதே வரியில் இருக்கட்டும். ஒரு கோப்பு கெட்டுப்போனதற்காக மற்ற 499 நிற்கக் கூடாது. கடைசியில் 'தவறியவற்றை மட்டும் மீண்டும்' என்று ஒரு பொத்தான் வேண்டும். 'மாற்றியதும் மூலக் கோப்பை அழி' என்ற வசதியைப் பலர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

கேள்வி: தொடங்கியதும் ஜன்னல் உறைந்து, 'பதிலளிக்கவில்லை' என்று விண்டோஸ் சொல்கிறது. ஆனால் கோப்புகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பைத்தானும், ஜன்னல் வரைய அதன் டிகின்டர் நூலகமும் பயன்படுத்துகிறேன்.

ஜன்னலை வரைகிற திரெட்டிலேயே (செயலிக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) மாற்றும் வேலையையும் ஓட்டுகிறீர்கள். வந்த செய்திகளைச் சுமார் 5 நொடிக்கு எடுக்காமல் இருந்தால் அந்த ஜன்னல் செத்துவிட்டதாக விண்டோஸ் முடிவு கட்டிவிடும். வேலையைத் தனி திரெட்டுக்கு மாற்றுங்கள். அந்தத் திரெட் டிகின்டர் விட்ஜெட் (பொத்தான், பட்டியல் போன்ற ஜன்னல் உறுப்பு) எதையும் நேரடியாகத் தொடக் கூடாது. தொட்டால் சில நாள் ஒழுங்காக ஓடும், ஒரு நாள் காரணமே தெரியாமல் விழும். நடுவில் ஒரு கியூ, அதாவது செய்தி வரிசை, வையுங்கள்: வேலைத் திரெட் அதில் செய்தி போடட்டும், ஜன்னல் பக்கம், சொன்ன நேரம் கழித்து வேலையை ஓட்டும் டிகின்டரின் 'ஆஃப்டர்' மூலம் 100 மில்லிநொடிக்கு ஒரு முறை எடுத்துக் காட்டட்டும்.

கேள்வி: வீடியோ மாற்றப் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் நிரல் சில வீடியோக்களில் அப்படியே நின்றுவிடுகிறது. பிழையும் வருவதில்லை, சிபியூவும் ஓடுவதில்லை.

சிபியூ ஓடவில்லை என்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு இடம்தான். ஒன்று, அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் 'மேலெழுதலாமா?' என்று அது கேட்கும். உங்கள் செயலியில் அந்தக் கேள்வி யார் கண்ணிலும் படாது, பதிலும் வராது. மேலெழுத வேண்டுமா வேண்டாமா என்பதைக் கட்டளையிலேயே சொல்லி, உள்ளீட்டைப் படிக்காதே என்ற 'நோஸ்டிடின்' விருப்பத்தையும் சேருங்கள்.

இரண்டாவது, பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வழி) நிரம்புவது. எஃப்எஃப்எம்பெக் தன் செய்திகளைப் பிழை வெளியீட்டில்தான் எழுதும். அதை பைப்பில் பிடித்துவிட்டுப் படிக்காமல் விட்டால், பைப் நிறைந்ததும் அடுத்த வரியை எழுத முடியாமல் நின்றுவிடும். லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 64 கிலோபைட். சின்ன வீடியோ தப்பிப்பதும் நீளமான வீடியோ மாட்டிக்கொள்வதும் இதனால்தான். வெளியீட்டைத் தொடர்ந்து படியுங்கள், அல்லது பிழைகளை மட்டும் எழுதும்படி செய்திகளைக் குறையுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு எண்ணிப் பார்த்தால் 200க்கு 188தான் இருக்கிறது. பிழை எதுவும் காட்டவில்லை.

'படம்' என்ற பெயரில் ஒரு பிஎன்ஜியும் ஒரு ஜேபெக்கும் இருந்து, இரண்டையும் வெப்பி என்ற பட வடிவுக்கு மாற்றினால் ஒன்றின் மேல் மற்றொன்று விழும். துணைக் கோப்புறைகளிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினாலும் இதே கதைதான். வேலை தொடங்கும் முன்பே எல்லா வெளியீட்டுப் பெயர்களையும் கணக்கிட்டு மோதலைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்ப்பதில்லை. ஒப்பிடும்போது நீங்களும் பார்க்காதீர்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க, அதன்பின் முழு ஒகரக் குறி, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்தை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், அடுத்தது 9 பைட். எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் அமைந்த பழைய மேக் வட்டுகள் பெயரைப் பிரித்துத்தான் வைத்திருக்கும். ஒப்பிடும்போது மட்டும் எல்லாப் பெயர்களையும் குறிகளைச் சேர்த்தே எழுதும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவாருங்கள். கோப்பைத் திறக்க மட்டும் வட்டில் உள்ள மூலப் பெயரையே கொடுங்கள், இல்லையென்றால் 'கோப்பு இல்லை' என்று வரும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகளிலேயே அது தீர்ந்துவிடும். பெயருக்குப் பின்னால் '_மாற்றியது' என்று ஒட்டுகிறவர்கள் கவனிக்க.

எழுதும் முறையையும் சரிசெய்துவிடுங்கள். வெளியீட்டை அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பாதிக் கோப்பு முழுக் கோப்பைப் போல நடிக்காது. தற்காலிகக் கோப்பை வேறு வட்டில் வைத்தால் அது பெயர் மாற்றமாக இருக்காது; ஒன்று நகலெடுக்க வேண்டிவரும், இல்லையென்றால் பிழை வரும்.

கேள்வி: என் கணினியில் 8 கோர். ஒரே நேரத்தில் எத்தனை கோப்பை ஓட்டலாம்?

வீடியோவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எஃப்எஃப்எம்பெக் ஒரு கோப்புக்கே பல கோர்களைப் பயன்படுத்தும். படங்களுக்கு 7 வரை போகலாம், ஆனால் நினைவகத்தைக் கணக்கிடுங்கள். 6000க்கு 4000 பிக்சல் படம் வட்டில் 8 மெகாபைட்டாக இருக்கலாம். பிரித்து விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 96 மெகாபைட். 7 படம் என்றால் 672. அளவு மாற்றும்போது உருவாகும் நகல் தனி.

கேள்வி: ஆவணங்களை மாற்ற லிப்ரே ஆஃபீஸை நான்கு முறை ஒரே நேரத்தில் அழைத்தால் ஒன்று மட்டுமே பி.டி.எஃப் தருகிறது.

நான்கும் ஒரே பயனர் புரொஃபைலை (பயனரின் அமைப்புகள் இருக்கும் கோப்புறை) பகிர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் கோப்புறையைக் கட்டளையில் கொடுங்கள். பயனர் லிப்ரே ஆஃபீஸைத் திறந்து வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். திரும்பி வரும் வெற்றிக் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். வெளியீட்டுக் கோப்பு இருக்கிறதா, அளவு பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 'முடிந்தது' போடுங்கள்.

கேள்வி: மாற்றிய போன் படங்கள் சில படுத்துக் கிடக்கின்றன.

போன் பெரும்பாலும் பிக்சலைச் சுழற்றாமல், படத்தோடு சேர்ந்திருக்கும் எக்சிஃப் தகவலில் திசையை மட்டும் குறித்து வைக்கும். மாற்றும்போது அந்தத் தகவல் விழுந்துவிட்டால் படமும் படுத்துவிடும். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக, குறித்த திசைப்படி பிக்சலைச் சுழற்றும் 'எக்சிஃப் டிரான்ஸ்போஸ்' செய்யுங்கள். அளவு மாற்றுவது, வெட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு. கூடவே, ஒளி ஊடுருவும் பிஎன்ஜியை ஜேபெக்காக்கும் முன் வெள்ளைப் பின்னணியில் ஒட்டிவிடுங்கள். ஜேபெக்கில் ஊடுருவலுக்கு இடமில்லை, பில்லோ சேமிக்க மறுத்துவிடும்.

கேள்வி: முன்னேற்றப் பட்டை 90 சதவீதத்துக்கு ஓடிப்போய் அங்கேயே அரை மணி நேரம் நிற்கிறது.

கோப்பு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறீர்கள், கடைசியில் ஒரு பெரிய கோப்பு இருக்கிறது. படங்களுக்கு பைட் அளவையும் வீடியோவுக்குக் கால அளவையும் எடையாக வையுங்கள். பெரிய கோப்புகளை முதலில் ஓட்டினால் பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.