ஸ்டென்ட் வைத்த சர்க்கரை நோயாளி: பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. 15 வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயை விரித்துவைக்கும் உலோக வலை) வைத்தார்கள். இப்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும். 'ரத்தம் நிற்காது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்கிறார் பல் மருத்துவர். ஸ்டென்ட் பத்து வருடம்தான் தாங்கும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். மறுபடியும் அடைக்குமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பல்லுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டைகாக்ரெலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றைப் பொதுவாக ஒரு வருடம் சேர்த்துக் கொடுப்போம். அப்பா இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம். அப்படி உறைந்தால் அது இன்னொரு பெரிய மாரடைப்பு. பல் பிடுங்கிய இடத்தில் கசியும் ரத்தத்தைப் பஞ்சை அழுத்திக் கடிக்கவைத்தே நிறுத்திவிடலாம். தேவைப்பட்டால் ஒரு தையல், டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற, ரத்தக் கசிவை நிறுத்தும் மருந்தில் நனைத்த பஞ்சு. ஒரு தடவைக்கு ஒரு பல் போதும். காலையிலேயே போங்கள், சாப்பிட்டு, சர்க்கரை மருந்தையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு போகட்டும். பல் மருத்துவருக்குத் தயக்கம் இருந்தால் அவரே இதய மருத்துவரிடம் போனில் பேசட்டும். இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடொருவர் பேசாமல் நோயாளியைத் தூதுவராக அலையவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதற்கான விலையைக் கொடுப்பது நோயாளிதான்.

ஸ்டென்டுக்குக் காலாவதி கிடையாது. உலோகம் அப்படியே இருக்கும். நோய் வளர்வது இதய ரத்தக் குழாயில்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் உட்சுவர் மெதுவாகவே ஆறும். குழாய்கள் பெரும்பாலும் சிறியவை, படிவும் ஓரிடத்தில் நிற்காமல் நீளமாகப் பரவியிருக்கும். அதனால் ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்து குறுகும் வாய்ப்பு சர்க்கரை இல்லாதவர்களைவிட இவர்களுக்கு அதிகம். அதைவிட, ஸ்டென்ட் வைக்காத வேறு இடத்தில் புதிதாக அடைப்பு வருவதைத்தான் நீண்ட காலத்துக்குக் கண்காணிக்க வேண்டும்.

மாத்திரை நிற்பது வீட்டிலோ மெடிக்கல் ஷாப்பிலோ தெரியாமலே நடப்பதும் உண்டு. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 இரண்டும் ஒரே மாத்திரையில் வருகின்றன. அவற்றோடு கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடினும் சேர்ந்த கேப்ஸ்யூல்களும் உண்டு. ஒரு வருடம் கழித்து 'குளோபிடோக்ரெலை நிறுத்திவிடுங்கள்' என்று மருத்துவர் சொல்வார். வீட்டில் அந்தக் கேப்ஸ்யூலையே நிறுத்திவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் அதோடு போய்விடும். இன்னொரு சிக்கல், இந்தக் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் அட்டோர்வாஸ்டாடின் 10 அல்லது 20 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாக 40 முதல் 80 வரை, அல்லது ரோசுவாஸ்டாடின் 20 முதல் 40 வரை தேவைப்படும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55-க்குக் கீழே இறங்க வேண்டும். கடைக்காரர் 'அதே மருந்துதான், வேறு கம்பெனி' என்று அட்டையை மாற்றிக் கொடுத்தால் பின்பக்கத்தைத் திருப்பி, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயிற்றுக்கு ஒமிப்ரசோல் கொடுத்தால், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவருக்கு அது ஒத்துவராது என்று சொல்லிப் பான்டோப்ரசோல் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டி வரக்கூடிய நிலையும் ஒன்று உண்டு. மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்; சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்கள் பலருக்கு அந்த மாத்திரை இருக்கும். இரும்பு மாத்திரையால் கறுத்தால் நிறம் மட்டும் மாறும். தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் வராது. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். அப்போதும் எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்திலேயே ஒரு மருந்தைக் குறைப்பதும், குளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்தி ஆஸ்பிரினைத் தொடர்வதும் சிலருக்குச் சரியான வழி. அது அவரவர் ஸ்டென்டையும் ரத்தக் கசிவையும் பார்த்துச் செய்வது. பயத்தில் நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்துவது வேறு.

நெஞ்சுவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நீண்ட காலச் சர்க்கரையில் நரம்புகள் மரத்துப்போவதால் வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். பழகிய மாடிப்படியில் திடீரென மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, தாடை, தோள் கனப்பது, வியர்ப்பது எல்லாம் எச்சரிக்கைதான். வியர்வையைப் பார்த்ததும் 'சுகர் இறங்கிடுச்சு' என்று சர்க்கரை கரைத்துக் கொடுப்பார்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்கு மேல் இருந்தும் வியர்த்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

'அறுவை சிகிச்சையில்லாமல் அடைப்பைக் கரைக்கிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். நரம்பில் மருந்தேற்றிக் குழாயைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, பத்து, இருபது தடவை வரச் சொல்லிப் பணம் வாங்குவார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. சுண்ணாம்பு படிந்த அடைப்பைக் கரைக்கும் ஊசி எதுவும் கிடையாது. தொந்தரவில்லாதபோது வருடத்துக்கொரு ஆஞ்சியோ பேக்கேஜும் வேண்டாம். அதில் போடும் சாயம் சர்க்கரையால் பழுதான சிறுநீரகத்துக்குச் சுமை.

மீண்டும் அடைத்து, இரண்டு மூன்று குழாய்களில் இருப்பதாகச் சொன்னால், ஆஞ்சியோ மேஜையில் வைத்தே கையெழுத்து வாங்க விடாதீர்கள். அவசர மாரடைப்பாக இருந்தால் அது வேறு. அங்கே உடனே ஸ்டென்ட் வைப்பதுதான் சரி. மற்றபடி பைபாஸ் பற்றிக் கேளுங்கள். பல குழாய் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு 2012-ல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில், ஐந்து ஆண்டு முடிவில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் அதிகம். இந்தக் கணக்கைச் சொல்ல நேரமில்லை என்று சொல்லும் இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். ஆஞ்சியோ பதிவான சிடியை வாங்கிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது; அப்போது மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பிறகு திருத்தப்பட்டு வருகிறது. 'வெளிநாட்டு ஸ்டென்ட், தனியாகக் கட்டுங்கள்' என்று இடையில் யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள். பில்லில் ஸ்டென்டின் பெயர், நிறுவனம், பேட்ச் எண், விலை தனியாக இருக்க வேண்டும். ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அப்பாவின் மருந்துப் பையிலேயே வையுங்கள்.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் கேட்டு வாங்க வேண்டாம். ரத்தக் கசிவு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் அவை கெடுதல்; இபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். பாராசிட்டமால் போதும். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது, ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே எந்தத் தேதி வரை என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.