வாசகர் கேள்வி: செஜியாங் பல்கலைக்கழகம் 1897-ஆ, 1998-ஆ?

கேள்வி: சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகம் தொடங்கியது 1897 என்று ஒரு இடத்திலும் 1998 என்று இன்னொரு இடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. ஹாங்சோ நகர நிர்வாகி லின் ச்சி 1897-ல் ஒரு பழைய கோயில் வளாகத்தில் தொடங்கிய சியூஷி கல்விக்கூடம்தான் வேர். ‘சியூஷி’ என்றால் உண்மையைத் தேடுதல். 1928-ல் அது தேசியப் பல்கலைக்கழகமானது. வானிலை அறிஞர் ஜூ கெஜன் 1936-ல் துணைவேந்தரான மறு ஆண்டே ஜப்பானியப் படை வந்துவிட்டது. நூல்களையும் கருவிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு ஜியாங்சி, குவாங்சி வழியாக நகர்ந்து, 1940-ல் குய்சோ மாகாணத்தின் சுன்யியில் போய் நின்றார்கள். அருகிலுள்ள மெய்தான் என்ற சிற்றூரில் அறிவியல், வேளாண் துறைகள் கோயில்களில் நடந்தன. பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்ற த்சுங் தாவ் லீ 1943-ல் இங்கே படித்தவர். ஹாங்சோ திரும்பியது 1946-ல்.

பெரிய உடைப்பு 1952-ல். சோவியத் பாணியில் கல்லூரிகளைத் துறைவாரியாகப் பிரித்தபோது வேளாண்மையும் மருத்துவமும் தனிக் கல்லூரிகளாயின. அறிவியல் துறைகளில் பல ஷாங்காயின் ஃபூதான் பல்கலைக்கழகத்துக்கும் சீன அறிவியல் கழகத்துக்கும் போய்விட, மிஞ்சியது பெரும்பாலும் பொறியியல்தான். கலை, அறிவியலில் உள்ளூரில் தங்கியவை பின்னர் ஹாங்சோ பல்கலைக்கழகமாயின. பிரிந்தவற்றை 1998-ல் மறுபடி சேர்த்தார்கள்: செஜியாங், ஹாங்சோ, செஜியாங் வேளாண், செஜியாங் மருத்துவம் என நான்கு. ஆண்டுக் கணக்கில் குழப்பம் வந்தது இதனால்தான்.

கேள்வி: இதன் பட்டம் என்று காட்டப்படும் சான்றிதழை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: முதலில், சீனாவில் சான்றிதழ் இரண்டு. படிப்பை முடித்ததற்கு ஒன்று, பட்டத்துக்கு வேறொன்று. முதலாவது மட்டும் இருந்தால் பட்டம் பெற்றதாக ஆகாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

உள்நாட்டு மாணவருக்கு 2001 முதல் வழங்கப்படும் படிப்பு முடித்த சான்றிதழில் பொதுவாக 18 இலக்க எண் இருக்கும். முதல் ஐந்து இலக்கம் நிறுவனக் குறியீடு, செஜியாங்குக்கு 10335. அடுத்த ஓரிலக்கம் கல்வி வகை, அதன்பின் நான்கு இலக்கம் ஆண்டு, இரண்டு இலக்கம் நிலை (05 என்றால் இளநிலை), கடைசி ஆறு வரிசை எண். எண் பொருந்திவிட்டாலே போதாது, அதை யாரும் அச்சடித்துவிடலாம். சீனக் கல்வி அமைச்சகத்தின் மாணவர் தகவல் இணையதளத்திலிருந்து, படித்தவரே சரிபார்ப்பு அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அறிக்கையிலுள்ள குறியீட்டை நீங்களே அந்தத் தளத்தில் இட்டுப் பாருங்கள். அவர் அனுப்பும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பெயரையும் கவனியுங்கள். செஜியாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், செஜியாங் ஆசிரியர் பல்கலைக்கழகம் எல்லாம் வேறு நிறுவனங்கள். இதன் நிழலில் வளர்ந்த நகரக் கல்லூரியும் நிங்போ கல்லூரியும் 2020-ல் தனி நிறுவனங்களாகிவிட்டன. ஆனால் 1998-க்கு முன் ஹாங்சோ பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைப் பெயர் வேறு என்பதால் போலி என்று நினைக்க வேண்டாம்; அந்தப் பெயர்தான் அப்போது சரியான பெயர்.

கேள்வி: எந்தத் துறைகளில் வலு?

பதில்: ஒளியியல் பொறியியல், தானியங்கிக் கட்டுப்பாடு, கணினி வரைகலை, வேளாண்மை. நான்கு நிறுவனங்களின் ஆய்வுக் கட்டுரைகள் ஒரே கணக்கில் சேர்வதால் மொத்தத் தரவரிசை கொஞ்சம் கூட்டியே காட்டும். விண்ணப்பிப்பவர் துறைவாரிப் பட்டியலைப் பார்க்கட்டும்; அந்தத் துறை எந்த வளாகத்தில் இயங்குகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். வளாகங்கள் ஹாங்சோவின் பல மூலைகளிலும், ஹைனிங், ஜோஷான் என்று வெளியூர்களிலும் இருக்கின்றன.